மடிப்பு விழுந்த இடம்

ஸ்கூல் பஸ் ஓட்டும் அந்த அம்மா உள்ளே வந்தாலே ஸ்டுடியோ அதிரும். நாற்பது பிள்ளைகளை அதட்டி அதட்டிப் பழகிய குரல் அது. அன்றைக்கு மட்டும் அந்தக் குரலைக் காணோம். கவுன்ட்டர்மேல் ஒரு பிளாஸ்டிக் உறையை வைத்தாள்.

"இதச் சரி பண்ண முடியுமான்னு பாருங்கக்கா. எங்கம்மா."

உறைக்குள் உள்ளங்கை அளவில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். யாரோ அதை நாலாக மடித்து வருடக்கணக்கில் பர்ஸில் வைத்திருக்கிறார்கள். ஈரம் வேறு பட்டிருக்கிறது. மடிப்பு முகத்தின் குறுக்கே ஓடி, மூக்குக்குக் கீழே தாடை வரை தின்று தீர்த்திருந்தது. வாய் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளைத் திட்டு.

"எனக்குப் பதினோரு மாசம் இருக்கும்போதே போயிட்டாங்க. வேற படம் கிடையாது. இருந்ததெல்லாம் சித்தி வந்தப்புறம் எங்க போச்சுன்னு யாருக்கும் தெரியல."

"வெச்சிட்டுப் போங்கம்மா, பாக்கறேன்" என்றாள் ஸ்டுடியோக்காரி.

இருபத்தெட்டு வருடமாக இவள் படம் எடுக்கிறாள், கணவர் பின்னறையில் பிரேம் போடுகிறார். பழைய படங்களில் கீறலை மறைக்க முன்பெல்லாம் மெல்லிய பிரஷ்ஷோடு மணிக்கணக்கில் மல்லாடுவாள். மிஞ்சுவது கண்வலிதான். போன வருடம் தங்கை வந்து கம்ப்யூட்டரில் ஏஐ ஒன்றைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள். கீறலை எடு என்றால் எடுத்தது, மங்கலைத் துலக்கு என்றால் துலக்கியது. வீட்டில் யாரும் இப்படிச் சொன்ன பேச்சைக் கேட்டதில்லை என்பதால் அதன்மேல் இவளுக்குச் செல்லம் கொஞ்சம் கூடிப்போயிற்று.

அந்தச் செல்லம்தான் வினையானது. வெள்ளைத் திட்டை நிரப்பச் சொன்னதும் அது நொடியில் நாலு வாய்களை வரைந்து நீட்டியது. ஒன்று பற்பசை விளம்பரத்துக்குப் போகிற வாய். இன்னொன்று யாரையோ வைவதற்குத் தயாராக இருந்தது. எதுவும் அந்தக் கண்களோடு ஒட்டவில்லை. பஸ்கார அம்மா லைசென்ஸுக்கு இங்கேதான் படம் எடுத்துக்கொண்டாள் என்பது அப்போது இவளுக்கு நினைவு வந்தது. தேடி எடுத்து அதையும் கொடுத்து, 'இது மகள், இவளைப் பார்த்துப் போடு' என்றாள். அச்சில் வார்த்ததுபோல் வந்து உட்கார்ந்தது. கணவரைக் கூப்பிட்டுக் காட்டிப் பெருமையடித்துக்கொண்டாள்.

வாங்க வந்த அன்று பஸ்கார அம்மா பிரேமை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்தாள். பிறகு கண்ணாடிமேல் விரலை வைத்து அந்த உதட்டைத் தொட்டாள்.

"எங்க சித்தி என்ன சொல்லுவாங்க தெரியுமாக்கா? 'நீ யாரு ஜாடையும் இல்ல, எங்கேருந்து வந்தியோ'ம்பாங்க. சின்ன வயசிலேர்ந்து கேட்டுக் கேட்டு நானும் அப்படித்தான்னு நெனச்சிட்டேன். இப்பப் பாருங்க. இந்தச் சிரிப்பு என்னோடதுதானே?"

அது மகளின் படத்தைப் பார்த்துப் போட்ட சிரிப்பு என்று ஸ்டுடியோக்காரிக்குத் தெரியும். அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் 'ஆமா' என்று தலையாட்டித் தொலைத்தாள். கோழைத்தனம்தான், வேறென்ன. ஆனால் அழுதுகொண்டே சிரிக்கிற ஒருத்தியிடம் அதைச் சொல்ல எத்தனை பேருக்குத் தைரியம் வரும்?

நாலு நாள் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"அந்தப் பொம்பள சந்தோஷமா போச்சு. நீ ஏன் போட்டு மனச ஒழப்பிக்கற?" என்றார் கணவர், ஆணி அடித்துக்கொண்டே.

"அது அவங்கம்மா இல்லங்க."

"முக்காவாசி அவங்கம்மாதானே."

"அவங்க பாத்து அழுதது அந்தக் காவாசிக்கு."

அவர் இன்னொரு ஆணியை எடுத்தார். "நீ போய் உண்மையச் சொன்னேன்னு வெச்சுக்க, இனிமே எந்தப் படத்தக் கொடுத்தாலும் இதுல எது நெஜம்னு கேப்பாங்க. கடைப்பேரு என்னாகறது?"

"கேக்கட்டும். கேட்டா சொல்லுவோம்."

வீராப்பாகச் சொல்லிவிட்டாளே தவிர அவளுக்கும் உள்ளூர உதறல்தான். போனை எடுப்பாள், நம்பரைப் பார்ப்பாள், வைத்துவிடுவாள்.

ஐந்தாம் நாள் பஸ்கார அம்மாவே வந்துவிட்டாள். பஸ்ஸைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு, பழைய குரலோடு வந்தாள்.

"அக்கா, இன்னும் மூணு காப்பி வேணும். ரெண்டு என் பொண்ணுங்களுக்கு. ஒண்ணு சித்திக்கு. நானே கொண்டுபோய் அவங்க ஹால்ல மாட்டப்போறேன். தெனமும் பாக்கட்டும்."

இதற்குமேல் மென்று விழுங்க வழியில்லை. ஸ்டுடியோக்காரி ஸ்டூலை இழுத்துப் போட்டு அவளை உட்காரவைத்தாள்.

"நீங்க கொடுத்த படத்துல மூக்குக்குக் கீழ ஒண்ணுமே இல்லம்மா. அதை ஏஐ போட்டுச்சு. மாதிரிக்கு நான் கொடுத்தது உங்க லைசென்ஸ் போட்டோ, அதுவும் உங்களக் கேக்காமலே. அந்தச் சிரிப்பு உங்களோடதுதான். உங்கம்மா எப்படிச் சிரிப்பாங்கன்னு எனக்கும் தெரியாது, மெஷினுக்கும் தெரியாது. அன்னிக்கே சொல்லியிருக்கணும். தப்பு என்னோடது."

பின்னறையில் சுத்தியல் சத்தம் நின்றது.

"அப்ப என்னையே பாத்து எங்கம்மான்னு அழுதிருக்கேன்" என்றாள் பஸ்கார அம்மா. கத்தியிருந்தால்கூடத் தேவலை. அவள் கத்தவில்லை. "ஏங்கா சொன்னீங்க? கடைசி வரைக்கும் தெரியாமலே இருந்திருப்பேன். அவங்க சிரிப்பப் பாத்தவங்க இனிமே யாரு இருக்கா, வந்து சொல்றதுக்கு?"

"நான் இருக்கேனேம்மா. இட்டுக்கட்டினவ."

பஸ்கார அம்மா எழுந்து வாசல் வரைக்கும் போனாள். அவ்வளவுதான், இனி இந்தப் பக்கம் வரமாட்டாள் என்று ஸ்டுடியோக்காரி நினைத்தாள். வாசலில் நின்றவள் திரும்பி வந்தாள்.

"எது எங்கம்மா? அத மட்டும் காட்டுங்க."

கீறலை மட்டும் எடுத்து, வெள்ளைத் திட்டை அப்படியே விட்ட படம் கம்ப்யூட்டரில் இருந்தது. அதைத் திறந்து, பக்கத்தில் மடிப்பு விழுந்த அசல் படத்தையும் வைத்தாள். "நெத்தி, கண்ணு, காது, கழுத்து. இதெல்லாம் அவங்க. ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட்டுப் பாத்துக்குங்க." பஸ்கார அம்மா இரண்டையும் மாறி மாறி, அங்குலம் அங்குலமாகப் பார்த்தாள். பிறகு ஸ்டுடியோக்காரியின் பக்கம் திரும்பி, தன் வாயை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

"இப்பச் சொல்லுங்க. என்கிட்ட அவங்க ஜாடை ஏதாச்சும் இருக்கா? எனக்காகச் சொல்லாதீங்க."

ஸ்டுடியோக்காரி பார்த்தாள். இந்தப் பார்வையில் பிழை இருந்தால் தொழிலையே விட்டுவிடலாம் என்று தோன்றியது. அம்மாவுக்கு நீளக் கண். இவளுக்கு உருண்டை.

"கண்ணு இல்லம்மா."

மூடிய கைக்கு மேலே அந்த உருண்டைக் கண்கள் நிறைந்தன. ஸ்டுடியோக்காரி நிறுத்தவில்லை. "நெத்தியும் இல்ல. அவங்களுக்கு அகலம்."

அசல் படத்தின்மேல் லென்ஸை வைத்துக் குனிந்தாள். நிமிர்ந்து எதிரில் இருந்த முகத்தைப் பார்த்தாள். மறுபடி குனிந்தாள்.

"எடது புருவம்" என்றாள். "வலதுக்கு ஒரு நூல் மேல ஏறி நிக்குது. உங்களுக்கும் அப்படித்தான். இது பழைய படத்துலயே இருக்கு, இந்தாங்க, நீங்களே பாருங்க."

பஸ்கார அம்மா லென்ஸை வாங்கிப் பார்த்தாள். தலையைத் தூக்க நேரமாயிற்று.

"லைசென்ஸ் போட்டோ எடுக்கும்போது புருவத்த எறக்குங்க, எறக்குங்கன்னு நாலு தடவ சொன்னீங்க."

"எறங்கலியே."

"எறங்காது" என்றாள் பஸ்கார அம்மா. பழைய குரல் பாதி திரும்பியிருந்தது. "அந்தப் பிரேம் போட்டது இருக்கட்டும். பின்னாடி மட்டும் எழுதிக் கொடுத்துடுங்க, எது யாரு, எது மெஷின்னு. காப்பி மூணும் இதுல போடுங்க. வெள்ளையா இருக்கற எடம் அப்படியே இருக்கட்டும். சித்தியோடது மட்டும் பெருசா."