பொயிலரில் கை வைத்தவர்

பேஸ்மென்ற் விளக்கைப் போட்டதும் பிரஷாந்தினியின் கண் நேரே பொயிலரின் அழுத்தமானிக்குத்தான் போனது. முள் இருபத்தெட்டில் நின்றது. முந்தின நாள் காலையில் அவளே பதினைந்துக்கு இறக்கிவிட்டுப் போன முள்.

"ஆரோ கை வைக்கினம்," என்று வாய்விட்டே சொன்னாள்.

கனடாவில், மொன்ட்ரியால்-நோரில் எழுபது வருடப் பழமையான அந்த இரண்டு மாடி வீட்டை அவளும் கணவன் றொசானும் ஜூலையில் வாங்கியிருந்தார்கள். விற்ற அருமைராசா லவாலில் புது வீட்டுக்குப் போய்விட்டார். போவதற்கு முன் ஒருநாள் பேஸ்மென்றுக்குக் கூட்டிவந்து, பொயிலரைப் பற்றி ஐந்து நிமிடம் சொல்லிக்கொடுத்தார். "முள் பன்னிரண்டுக்கும் இருபதுக்கும் இடையில நிண்டாச் சரி, பிள்ளை. முப்பதைத் தொட விடாதேங்கோ. கூடினா அடியில இருக்கிற பைப்பைத் திறந்து தண்ணியை இறக்குங்கோ. குறைஞ்சா இந்த மஞ்சள் பிடியைத் திருப்பிச் சேருங்கோ. வேற ஒண்டுமில்லை."

றொசான் துறைமுகத்திலிருந்து கொன்ரெய்னர் ஏற்றிக்கொண்டு ஒன்ராறியோப் பக்கம் போனால் வெள்ளிக்கிழமைதான் திரும்புவான். எனவே பொயிலர் அவள் பொறுப்பாயிற்று. ஒக்டோபரில் குளிர் தொடங்கியதிலிருந்து தினமும் விடிய ஆறு மணிக்கு இறங்கி, கூடியிருந்த தண்ணீரை வாளியில் இறக்குவாள். பிறகு, பகலில் ஆளில்லாத வீட்டுக்கு எதற்குச் சூடு என்று தேர்மோஸ்ராற்றைக் குறைத்துவிட்டு, கார்டெரி எனும் குழந்தைகள் காப்பகத்தில் சமைக்கப் போய்விடுவாள். பின்னேரம் வந்து சூட்டைக் கூட்டுவாள். மறுநாள் காலையில் முள் மறுபடி மேலே நிற்கும்.

பொயிலரில் சூடாகும் தண்ணீர் குழாய் வழியே அறைகளைச் சூடாக்கும் ரேடியேற்றர்களுக்குப் போய், ஆறி, திரும்பி வருகிறது. அடைத்த வட்டம். தானாக அதில் தண்ணீர் ஊறாது. அப்படியென்றால் ஒருவர் நிரப்புகிறார்.

வீட்டில் இன்னொருவர் என்றால் மேல்மாடியில் வாடகைக்கு இருந்த பத்திநாதர் மட்டும்தான். மன்னாரைச் சேர்ந்தவர், எழுபதை நெருங்குபவர், மனைவி இறந்தபின் தனியாள். பதினான்கு வருடமாக அங்கேயே இருந்தார். வீட்டோடு சேர்ந்து வந்தவர் என்று றொசான் பகிடியாகச் சொல்வான். கண்டால் தலையை ஆட்டுவார், அதிகம் கதைக்கமாட்டார். அந்த மௌனம் இப்போது பிரஷாந்தினிக்கு வேறு மாதிரித் தெரிந்தது.

மஞ்சள் பிடியின் மேல் அவள் ஒட்டுநாடா ஒன்றைச் சுற்றி ஒட்டிவிட்டு வேலைக்குப் போனாள். பின்னேரம் வந்து பார்த்தபோது நாடா அறுந்து தொங்கியது. சீமெந்துத் தரையில் பின்கதவுவரை ஈரமான சப்பாத்து அடையாளம்.

அருமைராசாவுக்கு அழைத்தாள்.

"பத்திநாதரிட்டப் பேஸ்மென்ற் கதவுத் திறப்பு இருக்கோ?"

"ஓம், எப்பவோ குடுத்தது. ஏன் பிள்ளை?"

"சும்மாதான் கேட்டனான்."

"மனுசன் நல்ல மனுசன். உந்த வீட்டைத் தன்ர மகனுக்குத் தாங்கோ எண்டு கேட்டவர். நான்தான் உங்களுக்கு வாக்குக் குடுத்திட்டன் எண்டு சொல்லிப்போட்டன்."

கைத்தொலைபேசியை வைத்தபோது அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது போலிருந்தது. கிடைக்காத வீடு. பொயிலர் வெடித்தால், குழாய் உடைந்தால், இவர்கள் அலுத்துப்போய் விற்றுவிட்டு ஓடுவார்கள்.

"நீர் ஒருத்தரிட்டயும் கதைக்காதையும். இந்தமுறை வர அடுத்த வெள்ளிக்கிழமையாகும், வந்து நான் பாக்கிறன்," என்றான் றொசான் தொலைபேசியில். அவள் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து தேவாலய மண்டபத்தில் தேத்தண்ணி குடிக்கும்போது, அங்கே பழக்கமான பிரியந்தியிடம் தன் சந்தேகத்தைச் சொன்னாள். பிரியந்தியோடு இன்னும் மூன்று பெண்கள் நின்றார்கள்.

அந்த வாரம் ஒரு திருத்துநரைக் கூப்பிட்டாள். அவர் பத்து நிமிடம் நின்றார், பொயிலரின் பக்கத்தில் இரண்டு தரம் தட்டினார், இது செத்த மாடு, புதிசு போடுங்கள் என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டுத் தன் அட்டையை நீட்டினார். அழுத்தமானியை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. பிரஷாந்தினி அவரையும் நம்பவில்லை. இவரும் பத்திநாதரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்களாக இருப்பார்களோ என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பழைய பொயிலர்களைப் பற்றிய காணொளிகளை ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினாள்.

புதன்கிழமை லீவு எடுத்தாள். காரை அடுத்த தெருவில் விட்டுவிட்டு, வழக்கம்போல முள்ளை இறக்கி, தேர்மோஸ்ராற்றையும் குறைத்தாள். பிறகு உடுப்புத் தோய்க்கும் மெசினுக்குப் பின்னால் ஒரு கதிரையைப் போட்டு இருட்டில் இருந்தாள். பதினொரு மணியாயிற்று. கால் விறைத்தது. பன்னிரண்டு அடிக்கச் சற்று முன் பின்கதவுப் பூட்டு திறபடும் சத்தம் கேட்டது.

பத்திநாதர் தடித்த ஜக்கெற்றும் கம்பளித் தொப்பியும் போட்டிருந்தார், வீட்டுக்குள் இருந்து வருபவர்போல அல்ல, தெருவில் நின்றவர்போல. நேரே பொயிலரடிக்குப் போனார். முள்ளைப் பார்த்துத் தலையை ஆட்டினார். மஞ்சள் பிடியைத் திருப்பினார். குழாயில் தண்ணீர் சீறியது.

பிரஷாந்தினி எழுந்து விளக்கைப் போட்டாள்.

"என்ன செய்யிறியள், ஐயா?"

அவர் திடுக்கிட்டார். ஆனால் பிடியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"நீங்கள் செய்யிறதைத் திருப்பிச் செய்யிறன்."

"நான் என்ன செய்யிறன்?"

"தினமும் விடியத் தண்ணியை இறக்கிறது ஆர், பிள்ளை? சத்தம் எனக்கு மேல கேக்கிறேல்லையோ? மூண்டு மாசமா என்ர அறையில ரேடியேற்றர் ஐஸ். பகலில சூட்டையும் குறைச்சுப்போட்டுப் போறியள். புதுச் சொந்தக்காரர் கிழடுகளை எப்பிடி எழுப்பிறவை எண்டு எனக்குத் தெரியாதோ?"

அவளுக்குக் கோபம் வந்தது.

"முள் இருபத்தெட்டில நிண்டா வெடிக்க விடட்டோ?"

"எங்க இருபத்தெட்டு? நான் ஒருநாளும் காணேல்லை. நான் வரேக்க எப்பவும் மூண்டு, நாலு. வந்து பாருங்கோ."

அவள் கிட்டப் போய்ப் பார்த்தாள். தண்ணீர் சேர்ந்துகொண்டிருந்தும் முள் அப்போதுதான் ஆறைத் தாண்டியது. காலையில் இதே முள்ளைப் பதினைந்தில் விட்டவள் அவள். இடையில் ஒருவரும் கிட்ட வரவில்லை. அவளே காவல் இருந்தாள். கைத்தொலைபேசியைத் திறந்து, தண்ணீர் இறக்குமுன் விடியற்காலைகளில் எடுத்துவைத்த படங்களைக் காட்டினாள். இருபத்தேழு, இருபத்தெட்டு, இருபத்தொன்பது. பத்திநாதர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். மெதுவாக மஞ்சள் பிடியை மூடினார்.

"சூடாகேக்க ஏறுது. ஆறேக்க விழுது," என்றார்.

காணொளிகளில் பார்த்தது ஒன்று அவளுக்கு நினைவு வந்தது. பொயிலருக்கு மேலே குழாயில் பூசணிக்காய் அளவில் ஒரு சாம்பல்நிறத் தொட்டி தொங்கியது. தண்ணீர் சூடாகிப் பெருகும்போது ஒதுங்க இடம் வேண்டும். அதற்காக அந்தத் தொட்டியின் பாதியில், ஒரு ரப்பர்த் தடுப்புக்கு அப்பால், காற்று அடைத்து வைத்திருப்பார்கள். அவள் விரல் முட்டியால் தட்டினாள். மேலும் கீழும் ஒரே மந்தமான சத்தம். அடியில் சைக்கிள் ரியூப்பில் இருப்பதுபோல ஒரு வால்வு இருந்தது. மூடியைக் கழற்றி, கார்த் திறப்பின் நுனியால் அமத்தினாள்.

காற்று வரவேண்டிய இடத்திலிருந்து பழுப்புத் தண்ணீர் பீறிட்டு அவள் சட்டைக் கையை நனைத்தது.

"முழுக்கத் தண்ணி," என்றாள். "உள்ளுக்கு ரப்பர் கிழிஞ்சு போச்சுது. ஒதுங்க இடமில்லாமத்தான் முள் இப்பிடிப் பாயுது."

"அப்ப நீங்கள் இறக்க..."

"நீங்கள் நிரப்ப, நான் இறக்க."

பத்திநாதர் வால்வின் மூடியை எடுத்துத் திருப்பி மாட்டினார்.

வெள்ளிக்கிழமை வேறொரு திருத்துநர் வந்து தொட்டியை மாற்றினார். ஒரு மணித்தியாலமும் எடுக்கவில்லை. பொயிலருக்கு இன்னும் பல வருடம் உயிர் இருக்கிறது, ஆனால் தினமும் புதுத் தண்ணீர் விட்டால் உள்ளே இரும்பைக் கறள் பிடித்துத் தின்றுவிடும், இனி அதைத் தொடவேண்டாம் என்றார். மேல்மாடி ரேடியேற்றர்களில் தங்கியிருந்த காற்றையும் எடுக்கச் சொன்னார்.

அதற்காகத்தான் பிரஷாந்தினி முதன்முறையாகப் பத்திநாதரின் வீட்டுக்குள் போனாள். படுக்கையறையில் கட்டிலின் சட்டம் மட்டும் கிடந்தது. மெத்தையைக் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் விரித்திருந்தார். மெத்தை மேல் மூன்று போர்வைகள் மடித்தபடி இருந்தன. அவள் சிறு திறப்பால் ஒவ்வொரு ரேடியேற்றராகத் திருகி, காற்று சீறி ஓய்ந்து தண்ணீர் துளிக்கும்வரை கிண்ணம் பிடித்தாள். கடைசி ரேடியேற்றர் சூடாகத் தொடங்கியதும் பத்திநாதர் அதன்மேல் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்தபடி நின்றார்.

"பகலில நான் இனிக் குறைக்கமாட்டன்," என்றாள் அவள். "கேட்டிருக்கலாமே, ஐயா."

"கேட்டா, போகச் சொல்லிவிடுவியளோ எண்டு நினைச்சன்." பிறகு, "வீட்டை மகனுக்குக் கேட்டது உண்மைதான். அதுக்காக ஆரும் நெருப்போட விளையாடுவினமோ? கோயிலில நீங்கள் சொன்னதைப் போன கிழமையே எனக்குச் சொல்லிப்போட்டினம்," என்றார்.

அவள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "என்னை மன்னியுங்கோ," என்றாள். அவர் அந்தக் கிண்ணத்தை எடுத்துக் கொண்டுபோய்க் குசினியில் ஊற்றினார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் றொசானை வாசலில் நிற்கச் சொல்லிவிட்டு, பிரியந்தியும் அந்த மூன்று பெண்களும் நின்ற இடத்துக்குப் போனாள். தொட்டி, ரப்பர், முள், தான் இறக்கியது, அவர் நிரப்பியது, குசினியில் கிடந்த மெத்தை, எல்லாவற்றையும் சொன்னாள். பெண்கள் தலையை ஆட்டிக் கேட்டார்கள்.

"அதெல்லாம் சரி," என்றாள் பிரியந்தி குரலைத் தாழ்த்தி. "அப்ப என்னத்துக்கு உங்களுக்குச் சொல்லாமத் திறப்பு வைச்சிருந்தவர்? நீர் கவனமா இரும்."

பிரஷாந்தினி திரும்பிப் பார்த்தாள். மண்டபக் கதவடியில் பத்திநாதர் தேத்தண்ணிக் கோப்பையோடு தனியே நின்றார். அவருக்குக் கேட்டதா இல்லையா என்று தெரியவில்லை. அவள் பிரியந்தியின் பக்கம் திரும்பி, இம்முறை எல்லோருக்கும் கேட்கும்படியாக, முதலிலிருந்து மறுபடி சொல்லத் தொடங்கினாள்.