பாதிக்கப்பட்டவர் நேரில் வர வேண்டும்

மேடையில் மூன்று பேர். நடுவில் மாநில சமவுரிமை ஆணையத்தின் உறுப்பினர். அவருக்கு வலப்பக்கம் சட்ட ஆலோசகர் முத்தமிழ்செல்வன், சென்னையிலிருந்து காரில் வந்தவர். இடப்பக்கம் குறிப்பெடுக்கிற ஒரு அம்மா. கீழே முதல் வரிசை சோபாவில் பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்துப் பிரமுகர்கள். அவர்களில் ஒருவராகக் காலை நீட்டிச் சாய்ந்திருந்தார் செல்லதுரை. அதற்குப் பின்னால் கல்லூரிப் பிள்ளைகள், மண்டபம் நிறைந்து தெரியட்டும் என்று கூட்டி வரப்பட்டவர்கள். ஆணையத்தில் ஏற்கெனவே மனுப் போட்டுவிட்டுக் காத்துக் கிடப்பவர்களுக்குக் கடைசி வரிசை, கை கழுவுகிற இடத்தை ஒட்டி. அங்கேதான் தூண் மறைவில் வளர்மதியும் அவள் அம்மா கொளஞ்சியம்மாளும்.

ஆணையத்தின் சட்டத்தைத் திருத்தப் போகிறார்களாம், அதற்குக் கருத்துக் கேட்புக் கூட்டம். பெரம்பலூர் பைபாஸ் ஓரத்துக் கல்யாண மண்டபத்தில் முந்தின நாள் விருந்தின் புளிச்ச வாடை இன்னும் போகவில்லை. வளர்மதி கையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். வாடையால் மட்டும் இல்லை. செல்லதுரைக்கு இப்போதுதான் சால்வை போட்டிருந்தார்கள்.

வரதராஜன்பேட்டைக்கு அந்தப் பக்கம் அவர்கள் ஊர். போன ஐப்பசியில் அப்பா உத்திராபதி செத்த அன்று நல்ல மழை. சுடுகாட்டுக்குப் போகிற ரோடு நடுத்தெரு வழியாகத்தான் போகிறது. தெருமுனையில் கையை விரித்துக்கொண்டு நின்றவர் இந்தச் செல்லதுரைதான். "உங்க பொணம் எங்க வாசலைத் தாண்டக் கூடாது." இருட்டுகிற வரைக்கும் பாடை மழையில் நனைந்தது. கடைசியில் முந்திரிக்காட்டுக்குள் இறங்கித் தூக்கிப் போனார்கள். சேற்றில் ஒருத்தர் வழுக்க, அப்பா பாடையோடு சரிந்து குப்புற விழுந்தார். பின்னாலேயே போன வளர்மதி அதைப் பார்த்தாள். யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆணையத்துக்குப் போட்ட மனுவில் மட்டும் எழுதியிருந்தாள். அந்த மனு இன்னும் விசாரணைக்கு வரவில்லை.

முத்தமிழ்செல்வன் மைக்கைப் பிடித்தார்.

"சட்டத்தைக் காலத்துக்கேத்த மாதிரி நெறிப்படுத்துறோம். இனிமே பாதிக்கப்பட்டவர் மட்டும்தான் புகார் குடுக்கலாம். நேர்ல வந்து குடுக்கணும். கண்டவங்க கண்டவங்க பேர்ல போடுற மனுவெல்லாம் இனிமே செல்லாது. நிலுவையில கிடக்குற மனுவுக்கும் இதே விதிதான்."

சோபாவிலிருந்து கைதட்டல் கிளம்பியது. வளர்மதி எழுந்து, கூட்டத்தாருக்கென்று வைத்திருந்த மைக்கை வாங்கினாள்.

"சார், எங்க அப்பா பொணத்தை மறிச்சாங்க. மனு நான் போட்டிருக்கேன். அது என்னாவும்?"

"இதுல பாதிக்கப்பட்டவர் யாரும்மா?"

"எங்க அப்பா."

"அப்ப அவரு வரணும்."

"அவரு செத்துட்டாரு சார். செத்ததாலதானே மறிச்சாங்க?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். முத்தமிழ்செல்வன் சிரிக்கவில்லை. பொறுமையாக விளக்கினார். அந்தப் பொறுமைதான் அவளுக்குச் சிரிப்பை விட அருவருப்பாக இருந்தது.

"வருத்தமான விசயம்தான். ஆனா திருத்தம் வந்துட்டா, பாதிக்கப்பட்டவர் ஆஜராகாத மனு தானா முடிஞ்சுடும். நீங்க வெறும் உறவினர்தானே?"

வெறும் உறவினர். வாயெல்லாம் கசந்தது. உட்காரப் போனவளின் கையிலிருந்து மைக்கை வாங்கிக்கொண்டாள் கொளஞ்சியம்மாள்.

"தம்பி, நான் உசுரோடதான் இருக்கேன். நாளைக்கே போயிட்டா என்னையும் அந்த முந்திரிக்காட்டுச் சேத்துலதான் போட்டு உருட்டுவாங்க. செத்தப்புறம் நேர்ல வந்து மனுக் குடுக்க முடியாதுல்ல? இப்பவே குடுத்துடுறேன், வாங்கிக்குங்க."

இந்த முறை மண்டபமே சிரித்தது. செல்லதுரை சோபாவில் திரும்பி, சால்வையைச் சரிசெய்துகொண்டு குரல் கொடுத்தார்.

"அம்மா, நீங்க நூறு வருசம் இருப்பீங்க!"

"ஊர்ல 'ஏ கொளஞ்சி', சால்வை போட்டா 'அம்மா'வாங்க? சரி, நூறு வருசம் இருந்துட்டே போறேன். அப்ப எந்த வழியா தூக்குவாங்க? அதச் சொல்லுங்க."

செல்லதுரை மேடையைப் பார்த்தார். மேடை கைக்கடிகாரத்தைப் பார்த்தது. "டீ சாப்பிட்டு வந்து பேசலாம்," என்றார் உறுப்பினர்.

டீ நேரத்தில் செல்லதுரை சமோசாத் தட்டோடு அவர்களிடமே வந்தார். முகமெல்லாம் பல். தட்டை நீட்டியபடி, பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காத குரலில் சொன்னார்: "கொளஞ்சி, கூட்டம் முடிஞ்சு ஊருக்குத்தானே வரணும்?"

"வராம? என் வூடு அங்கதானே இருக்கு," என்றாள் கொளஞ்சியம்மாள். தட்டைத் தொடவில்லை.

வளர்மதி அம்மாவின் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்துவிட்டாள். உள்ளே மறுபடி கூட்டம் தொடங்கிக் கைதட்டல் கேட்டது. உடம்பெல்லாம் ஈ மொய்த்தது போலிருந்தது அவளுக்கு.

"பஸ்ஸுக்குப் போவலாம்மா."

"போஸ்டாபீசுக்குப் போவோம். இவனுங்க இன்னும் சட்டத்தை மாத்தலைல்ல? அதுக்குள்ள எழுதுடி."

தபால் நிலையத்து பெஞ்சில் காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டாள் வளர்மதி. பேனா நகரவில்லை.

"உன்னைப் பொணம்னு என் கையால எழுதணுமா?"

"அப்பன் விழுந்ததை எழுதுன கைதானே? நாந்தான் சொல்றேனே. எழுது."

எழுதினாள். 'பெறுநர்: ஆணையச் செயலாளர். கொளஞ்சியம்மாள் ஆகிய நான் உயிருடனும் நல்ல நினைவுடனும் இருக்கிறேன். நான் இறந்தால் என் உடலைப் பொது ரோட்டில் கொண்டுபோக விடமாட்டார்கள். என் கணவருக்கு நடந்ததே சாட்சி. பாதிக்கப்படப் போகிறவள் நானே. கூப்பிட்டால் நேரில் வருகிறேன். உயிரோடு இருக்கும்போதே கூப்பிடவும்.' கடைசி வரியை அம்மா சொல்லச் சொல்ல எழுதினாள். அதை அடித்துவிட மனசு வரவில்லை.

கொளஞ்சியம்மாள் ஒவ்வொரு எழுத்தாக நிறுத்திக் கையெழுத்துப் போட்டாள். வளர்மதி உறையின் வாயில் பசை தடவி, ஓரம் பிரியாதபடி கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள்.

"ஸ்பீடு போஸ்டா?" என்றார் கவுண்டரில் இருந்தவர்.

"ஆமாங்க. சீக்கிரம் போய்ச் சேரணும்."

முத்திரை குத்தி, உறையைப் பின்னால் கிடந்த சாக்குப் பைக்குள் போட்டார்.