சும்மா இருக்கும்போது பன்னிரண்டு வோல்ட்

...ஆகவே பழுது பொத்தானில் இல்லை, ஏனென்றால் அக்கா அமுக்கும்போதெல்லாம் டக் என்று கேட்கிறது, டக் என்றால் ரிலே, இன்ஜினை ஏற்றி இறக்கும் மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்ச், ரிலே டக் என்றால் பொத்தானில் கொடுத்த உத்தரவு இங்கே வந்து சேர்ந்துவிட்டது என்று அர்த்தம், சேர்ந்த உத்தரவை வைத்துக்கொண்டு இது என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி, ஒன்றும் செய்யவில்லை, எங்கள் கல்லூரி அலுவலகத்தில் மனுக் கொடுத்தாலும் இதே டக்தான், முத்திரை விழும், அதோடு சரி... "டேய், அமுக்கவா?" ஸ்டீயரிங் பக்கத்திலிருந்து அக்கா கத்துகிறாள், "அமுக்கு", டக், "விடு", டக், "டக்குன்னு கேக்குதுல்ல, அப்புறம் ஏண்டா எறங்க மாட்டேங்குது?", "சொன்னா கேக்குது, செய்ய மாட்டேங்குது, உன்கூடச் சேந்த தோஷம்", "வாய் மட்டும் இல்லேன்னா உன்ன நாய் தூக்கிட்டுப் போயிடும், மொதல்ல எறக்குடா". படகின் பின்விளிம்பில் குப்புறப் படுத்திருக்கிறேன், பாதி உடம்பு பலகை மேல், பாதி தண்ணீர் மேல், எனக்கு முன்னால் இன்ஜின் வாலைத் தூக்கிய தேள் மாதிரி நிற்கிறது, நேற்று சாயந்திரம் அக்காதான் பொத்தானை அமுக்கித் தூக்கிவிட்டுப் போனாள், ஒழுங்காகத் தூக்கிற்றாம், இன்று காலை இறங்க மறுக்கிறது, அதுவும் எந்தக் காலை, தேர்வாளர் வரப்போகிற காலை. இறக்குவதற்கு வேறு வழி இல்லாமல் இல்லை, பக்கவாட்டில் ஒரு ஸ்குரு இருக்கிறது, அதைத் தளர்த்தினால் கையாலேயே இறக்கிவிடலாம், ஆனால் அந்த மனிதர் வந்ததும் கேட்கப்போகும் முதல் கேள்வியே "டிரிம்மைப் போட்டு இன்ஜினை ஏத்தி எறக்கிக் காட்டும்மா" என்பதுதான், அப்போது நான் தண்ணீருக்குள் ஒளிந்துகொண்டு இன்ஜினைத் தூக்கித் தூக்கி இறக்க முடியாது... முடியுமா? முடியாது. உரிமம் கிடைத்தால் அக்கா நாளை முதல் அக்கரைக்கு ஆள் ஏற்றிப் போகும் படகோட்டி, கிடைக்காவிட்டால் அடுத்த தேர்வு அடுத்த வருஷம், அதுவரை காத்திருக்க வேண்டாம் என்று ஒரு ஆபீஸின் கணக்குப் பிரிவில் அவளுக்காக ஒரு நாற்காலி துடைத்து வைக்கப்பட்டிருக்கிறது, வருகிறாயா இல்லையா என்று இன்று சாயந்திரத்துக்குள் சொல்ல வேண்டும்.

ஃபியூஸ் நன்றாக இருக்கிறது, பாட்டரி நன்றாக இருக்கிறது, மேலே தூக்கும் ரிலேயும் கீழே இறக்கும் ரிலேயும் இரட்டைப் பிள்ளைகள், இடம் மாற்றிப் போட்டுப் பார்த்தேன், இரண்டும் ஒரே சுருதியில் டக். மீட்டரை எங்கே வைத்தாலும் பன்னிரண்டு வோல்ட், எல்லாம் சரி, எல்லாம் சரி என்று முனகிக்கொண்டே போனேன், ஆய்வகத்தில் எங்களுக்கு அப்படித்தான் பழக்கம், எதையும் ஓடவிடாமல் அளந்து, பன்னிரண்டு என்று எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு கேன்டீனுக்குப் போய்விடுவோம். இங்கே கேன்டீன் இல்லை. பம்ப் மோட்டார்தான் செத்துவிட்டதோ என்று பயம் வந்தது, பாட்டரியிலிருந்து இரண்டு வயரை எடுத்து, ரிலே, பொத்தான் எல்லாரையும் தாண்டி, நேராக மோட்டாரில் வைத்தேன், கிர்ர்ர் என்று அது உயிரோடு கத்தியதும், கடவுளே, எடுத்துக் கொஞ்ச வேண்டும்போல இருந்தது, "என்னடா சத்தம்?" "மோட்டார் நல்லா இருக்குக்கா, நடுவுல இருக்கறவன்தான் சரியில்ல". நடுவில் இருக்கிறவன். எங்கள் வீட்டில் அது நான். போன தேர்வில் அக்கா படகைத் துறையின் மேல் கொண்டுபோய் முட்டினாள், அன்று ராத்திரி அப்பா "ஒரு ஆபீஸ் வேலையாவது தேடிக்கலாமே" என்றார், அக்கா தட்டைத் தள்ளி வைத்தாள், அன்றிலிருந்து "உங்க அக்காகிட்ட சொல்லு", "உங்க அப்பாகிட்ட சொல்லு", என்னவோ நான் இருவரையும் தனித்தனியாகச் சந்தையில் பிடித்து வந்தது மாதிரி. அப்பா ஹாலிலிருந்து மெல்லிசாக ஒன்று சொல்வார், நான் டக் என்று எழுந்து போய் அடுக்களையில் சொல்வேன், அங்கிருந்து ஒன்று வரும், டக், திரும்ப ஹால்.

"கை வலிக்குதுடா, இன்னும் எத்தனை தடவ?" வலிக்கட்டும், பாவம், ஆனால் இவளைப் போல ஒரு ஆள் கிடைப்பது அபூர்வம், அமுக்கு என்றால் அமுக்குகிறாள், விடு என்றால் விடுகிறாள், எதற்கு என்று கேட்பதில்லை, என் வகுப்பில் இருக்கும் மேதைகளிடம் ஒரு பொத்தானைக் கொடுத்துப் பார்க்க வேண்டும், அமுக்கு என்றால் ஏன் என்பான், விடு என்றால் எப்போதோ விட்டுவிட்டேனே என்பான். சின்ன வயதில் வீட்டு ரேடியோவை நான் குடல் வேறு தலை வேறாகப் பிரித்துப் போட்டபோதும் டார்ச் பிடித்தவள் இவள்தான், அம்மா வந்ததும் "நான்தாம்மா பிரிக்கச் சொன்னேன்" என்று அடியில் பாதியை வாங்கிக்கொண்டவளும் இவள்தான், அந்தப் பாதி அடியில்தான் நான் எலக்ட்ரிகல் படிக்கிறேன்... சரி, நடுவில் யார் என்று பார்ப்போம், இந்தத் தடவை அமுக்கிக்கொண்டிருக்கும்போதே அளக்கலாம், ரிலேயிலிருந்து ஒரு கறுப்பு வயர் வந்து இன்ஜினைப் படகோடு பிடித்திருக்கும் பிராக்கெட்டில் போல்ட் போட்டு இறங்குகிறது, எர்த், மின்சாரம் வேலையை முடித்துவிட்டு வீடு திரும்பும் வழி, மீட்டரின் ஒரு முனை பாட்டரியில், மறுமுனை அந்தப் போல்ட்டுக்கு அடியில் வயர் முனையில், பன்னிரண்டு, "அமுக்கு", இரண்டு. இரண்டா? "விடு", பன்னிரண்டு. "அமுக்கு", இரண்டு. அட, சும்மா இருக்கும்போது பன்னிரண்டு, வேலை என்று வந்தால் இரண்டு, எனக்கு இப்படிப்பட்டவர்களை நிறையத் தெரியும், புராஜெக்ட் குழுவில் என்னோடு மூன்று பேர் இருக்கிறார்கள், மாமா முறையில் இருவர், ஆனால் ஒரு போல்ட் இப்படிச் செய்யும் என்று நினைக்கவில்லை. ரிலே டக் என்று ஒட்டும்வரை பன்னிரண்டு, ஒட்டியதைப் பிடித்துக்கொள்ள அந்த இரண்டும் கிண்டும் போதும், மோட்டாருக்குப் போதாது.

போல்ட்டைக் கழற்றினேன், அடியில் சாம்பல் நிறப் பெயிண்ட், பளபளவென்று, புத்தம் புதிசு, பெயிண்டைத் தாண்டி மின்சாரம் எங்கே போகும். பிராக்கெட் முழுக்க அதே பெயிண்ட், காலையில் வந்ததுமே கவனித்தேன், அக்கா தேர்வாளருக்காக அலங்காரம் செய்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன், சாதாரண அலங்காரம் இல்லை, வயரைக் கழற்றி ஓரம் வைத்து, துருவைத் தேய்த்து, போல்ட் உட்காரும் இடத்தையும் விடாமல் பூசி, காயவிட்டு, மறுபடி வயரை மாட்டி இறுக்கியிருக்கிறது, ஒரு சோம்பேறி அடித்திருந்தால் வயர் மேலேயே இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுப் போயிருப்பான், பழுதே வந்திருக்காது, அக்கறை எவ்வளவு ஆபத்தானது என்று யாராவது ஆராய்ச்சி செய்ய வேண்டும். "அழகு பண்றேன்னு எர்த்துக்குப் போர்வை போத்தி விட்டிருக்கியேக்கா", "நானா? நீ அடிச்சேன்னுல்ல நெனச்சேன், பாத்ததும் மனசுக்குள்ள உனக்குத் தேங்க்ஸ் வேற சொன்னேன்", "நான் அடிக்கல", "அப்ப அந்தத் தேங்க்ஸ திருப்பிக் குடு". கத்தியால் ஒரு நாணயம் அளவுக்குச் சுரண்டினேன், உலோகம் மினுங்கியது, அழகாகப் பூசியிருந்ததைச் சுரண்ட ஏனோ மனசு வரவில்லை, அந்த அளவோடு நிறுத்திக்கொண்டேன், வயரை மாட்டி இறுக்கி, "அமுக்கு", டக், கிர்ர்ர், இன்ஜின் பெரிய மனிதர் நாற்காலியில் உட்காருவது மாதிரி அவசரமே இல்லாமல் தண்ணீருக்குள் இறங்கியது, அக்கா விடவே இல்லை, விடு என்று சொல்ல எனக்கும் தோன்றவில்லை.

பாக்கெட்டில் போன் அதிர்ந்தது, அப்பா. "எறங்குச்சா?" என்றார். "எறங்கிடுச்சுப்பா, இப்பதான்", "அப்பாடா", மூச்சு விடும் சத்தம், "சரி சரி, அவகிட்ட ஒண்ணும் சொல்லாத"... எது எறங்குச்சா? டிரிம் மக்கர் செய்வதை நான் யாருக்கும் சொல்லவில்லை, அக்கா அப்பாவிடம் சொல்வதற்கு நான்தானே போயாக வேண்டும். காலையில் என்னை உலுக்கி எழுப்பி, "காலேஜ் இல்லல்ல, சும்மா துறைப்பக்கம் போய் நில்லேன்" என்று மீட்டரையும் டூல்ஸ் பையையும் தலைமாட்டில் வைத்தவர், கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்க்காமல் நிம்மதியாகப் பேப்பர் படிக்க ஆசைப்படுகிறார் என்று நினைத்தேன், பேப்பரைப் பிடித்திருந்த கட்டைவிரலில் சாம்பல் நிறம் இருந்தது, ஓ, வீட்டு கேட்டுக்கு என்று வாங்கி வைத்த பெயிண்டை ஒருவழியாகத் திறந்துவிட்டார் என்று நினைத்தேன், கிளம்பும்போது அதே கேட்டின் துரு என் சட்டையில் அப்பிக்கொண்டது, துடைத்துவிட்டுக் கேட்டைத் திட்டினேனே தவிர யோசித்தேனா? நேற்று நடக்கப் போனவர் சாப்பாடு ஆறும்வரை வரவில்லை. அடித்து முடித்து, மாட்டி, ஒரு தடவை அமுக்கிப் பார்த்திருப்பார், டக், மறுபடி அமுக்கியிருப்பார், டக்... அப்புறம் அந்த இருட்டில், தூக்கியபடி நிற்கிற இன்ஜினைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றாரோ. "யாருடா போன்ல?" என்கிறாள் அக்கா, துணியில் கையைத் துடைத்துக்கொண்டே. துறையின் அந்தக் கோடியில் கையில் ஃபைலோடு ஒருவர் இறங்கி வருகிறார், பலகைகள் அவர் செருப்புக்கு ஒவ்வொன்றாகச் சத்தம் கொடுக்கின்றன. "ஒண்ணும் இல்ல" என்று சொல்லலாம், சொல்லாதே என்றுதான் உத்தரவு, வந்த உத்தரவை அப்படியே கடத்துவதுதான் என் வேலை, என் நகத்துக்கடியிலும் இப்போது அதே சாம்பல் நிறம். பலகைகளைத் தாண்டி முன்னால் போய் போனை அவள் காதில் வைத்தேன், வைத்துவிட்டுக் கையை எடுத்துவிட்டேன். "ஹலோ?" என்றாள். துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, திரையில் அப்பா என்று இருப்பதைப் பார்த்தாள், பார்த்துவிட்டு மறுபடி காதிலேயே வைத்துக்கொண்டாள், டக் என்று ஏதோ விழுந்த மாதிரி எனக்கு இருந்தது, அதற்கு மேல் பேச்சு ஓடுமா, ஓடாதா...