பேத்தி வரும் ஜீப்

தங்கையாவின் ஜீப்புக்கு நாலு சக்கரமும் இழுக்கும்; எந்த மழையிலும் மலைப்பாதை ஏறிவிடும். நேராக மட்டும் போகாது. ரப்பர் தோட்டம் கழித்துக்கட்டிய வண்டியை ஆசை ஆசையாய் வாங்கி ஓட்டும் மனிதருக்கு அதெல்லாம் ஒரு குறையா? பேத்தி பிறக்கும்வரை இல்லைதான்.

கரவனெல்ல ஆஸ்பத்திரியில் மகள் சர்மிளாவுக்குப் பெண் குழந்தை. இன்று பின்னேரம் டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்புகிறார்கள். பேத்தியைத் தன் ஜீப்பில்தான் கொண்டுவர வேண்டும் என்று தங்கையா ஒற்றைக்காலில் நின்றார். மனைவி இந்திராணியோ முந்தியே பளீலின் வாடகை வேனுக்குச் சொல்லிவைத்துவிட்டாள்.

"ஸ்டியரிங் இந்த ஆட்டம் ஆடுது. பச்சப்புள்ளய இதுல ஏத்த விடமாட்டேன்."

"அதான் புது போல் ஜொயின்ட் வாங்கியாந்திருக்கேனே! மாட்டிட்டா நூல் புடிச்ச மாதிரி போகும். இந்தக் கம்பிய கொஞ்சம் புடி."

ஸ்டியரிங் கம்பியின் நுனியில் இருக்கும் பழைய ஜொயின்ட் எத்தனை சுற்றில் கழல்கிறதோ, அத்தனை சுற்றில் புதியதை ஏற்ற வேண்டும். அப்போதுதான் முன்சக்கரங்கள் நேராக நிற்கும். இடது பக்கம் ஒழுங்காக முடிந்தது. வலது பக்கம் கழற்றும்போது இந்திராணி ஆரம்பித்தாள்.

"கல்யாணத்தன்னிக்கே என்னைய ரோட்டோரத் தண்ணிக் கானுக்குள்ள தள்ளுன ஆளுதானே நீங்க!"

"நானா தள்ளுனேன்? டயரு வெடிச்சுச்சு!"

எண்ணிக்கை போயே போச்சு. ரோசக்காரர், வாய் திறந்து சொல்வாரா? பதினாறு என்று குத்துமதிப்பாகச் சுற்றி ஏற்றிவிட்டார். கோயிலடி வரை ஓட்டிப் பார்த்தால், இரண்டு சக்கரமும் இரண்டு திக்குக்கு இழுத்தன. முகம் செத்துத் திரும்பி வந்தார்.

"வேன்லயே கூட்டிவா" என்றார்.

இந்திராணி அவர் முகத்தைப் பார்த்தாள். பாவமாக இருந்தது.

"பதினெட்டு."

"என்னது?"

"கழட்டுனது பதினெட்டுச் சுத்து. மாட்டுனது பதினாறு."

நாளுக்கு முந்நூறு ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள். வாய் பக்கத்து மர நிரையில் வெட்டுகிறவளை ஏசிக்கொண்டிருக்கும்; மரக்கணக்கு தப்பவே தப்பாது.

"அடிப்பாவி, அப்பவே சொல்லக் கூடாதா?"

"கேட்டீங்களா?"

தங்கையா திரும்பவும் வண்டிக்கடியில் படுத்தார். கரவனெல்லைக்குப் போகும் வழியெல்லாம் ஜீப் சொன்னபடி கேட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் மட்டும் ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் வேன் நின்றது. அவருக்கு மனசே விட்டுப்போயிற்று.

இந்திராணி குழந்தையோடு நேரே வேனுக்குத்தான் போனாள். பின்னால் வந்த சர்மிளாவின் பை, தலையணை, பிளாஸ்க் எல்லாவற்றையும் உள்ளே வைக்கச் சொன்னாள்.

"பளீல் நானா, சாமானெல்லாம் பத்திரமா கொண்டு போங்க. நாங்க ஜீப்புல வாறோம்."

மகளை ஏற்றி, பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் அமர்ந்தாள்.

"ம், எடுங்க வண்டிய."

தங்கையாவுக்குத்தான் பாதை தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுக்கக் கொஞ்ச நேரமாயிற்று.