வெளிர் சாம்பலில் ஒரு வரி

மருத்துவமனையின் காப்பீட்டுக் கவுண்டரில் இருந்தவர் கையை விரித்துவிட்டார். "ஏற்கெனவே இதய நோய் இருந்தா இந்த பாலிசில மூணு வருஷம் காத்திருக்கணும்மா. நீங்க எடுத்துப் பதினாலு மாசம்தான் ஆகுது. நாளைக்கு ஆபரேஷனுக்கு முழுப் பணமும் நீங்கதான் கட்டணும்."

அக்கா திரும்பித் தம்பியைப் பார்த்தாள். வேன் ஓட்டிக் குடும்பத்தைக் காப்பாற்றும் அவள் கணவர் அந்த ஆபரேஷனுக்காக மாடி வார்டில் படுத்திருந்தார்.

தம்பிக்குக் காப்பீட்டுத் திட்டங்களை ஒப்பிட்டுக் காட்டும் இணையதளத்தில் வேலை. எந்தக் கம்பெனி அதிகக் கமிஷன் தருகிறதோ அதுதான் பட்டியலில் முதலில் நிற்கும். அதற்கு 'எங்கள் தேர்வு' என்று பச்சை முத்திரையும் உண்டு. வரைந்தவன் சாட்சாத் இவனே. கமிஷன் வாங்குவதைச் சொல்லியாக வேண்டுமே என்று பேச்சு வந்தபோது, "சொன்ன மாதிரியும் இருக்கணும், கண்ணுல படாமலும் இருக்கணும்" என்றார் மேலாளர். இவன் பக்கத்தின் அடியில், வெள்ளையில் வெளிர் சாம்பலாக ஒரு வரி போட்டான். கைதட்டினார்கள். வெட்கமில்லாமல் பூரித்துப்போனான்.

அக்கா போனைத் திறந்து அந்தப் பட்டியலைக் காட்டினாள். "ரெண்டாவதா இருக்கிறதுல காத்திருக்க ஒரு வருஷம்தான் போட்டிருக்கு. நான் அதுவரைக்கும் போகவே இல்லடா. முதல்ல இருந்ததைக் கண்ணை மூடிக்கிட்டு எடுத்துட்டேன்."

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேக்கா?"

"நீ வேலை பாக்குற இடம். உன்னைக் கேட்டதாத்தானே நெனச்சேன்."

அவனுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "நாங்க எதையும் மறைக்கலக்கா. கமிஷன் வாங்குறோம்னு கீழ எழுதியிருக்கோம், பாரு."

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேடினாள். "எங்கடா?"

அவன் போனை வாங்கினான். வரி இருக்கும் இடம் அவனுக்கு மனப்பாடம். இருந்தும் வெளிச்சத்தைக் கூட்டி, திரையைச் சாய்த்துப் பிடித்த பிறகுதான் அவனாலேயே படிக்க முடிந்தது. தலை தானாகக் குனிந்தது.

"கமிஷன் வாங்குறது தப்பில்லடா, எல்லாரும் பிழைக்கணும். ஆனா காசு வாங்கிட்டுத்தான் முதல்ல நிறுத்தியிருக்கோம்னு அந்தப் பச்சை முத்திரைக்குப் பக்கத்துலயே, அதே அளவுல சொல்லணும். கண்ணுக்குத் தெரியாம எழுதின உண்மையும் பொய்தான்."

அக்கா கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்தாள்.

"மாமா வேனை வித்துடலாம். வேற வழியில்ல. விளம்பரத்தை நீயே எழுது," என்றாள். "பிரேக் கொஞ்சம் தேஞ்சிருக்கு. அதை முதல் வரியில பெருசா போடு."