பொம்மிடிக்குப் போன சவரிராயன்

அனிஷாவின் குடும்பத்தில் ஆட்களுக்குக் குறைவில்லை, பெயர்களுக்குத்தான் குறைவு. தாத்தன் பெயரைப் பேரனுக்கு வைப்பார்கள், ஆயா பெயரைப் பேத்திக்கு வைப்பார்கள். மகன் வீட்டில் வைத்தாயிற்றே என்று மகள் வீடு விட்டுக்கொடுக்காது, அங்கேயும் அதே பெயர்தான். கோயில் திருவிழாவில் யாராவது "சவரி" என்று குரல் கொடுத்தால் பொரிக்கடைப் பக்கம் ஒரு தலையும் தேர்ப் பக்கம் இரண்டு தலையும் திரும்பும்.

இதெல்லாம் தெரிந்திருந்தும் குடும்ப வரலாறு எழுத அவள் ஒப்புக்கொண்டாள். பாப்பாரப்பட்டி கடைத்தெருவில் ஒரு ஜெராக்ஸ் கடையில் கல்யாணப் பத்திரிகை டைப் அடிப்பது அவள் வேலை. அவளுக்கே கல்யாணம் நிச்சயமானதும், ஓசூரில் இருக்கும் தமிழ்மணி சித்தப்பா குடும்பத்து வாட்ஸப் குழுவில் குரல் பதிவு போட்டார். "தாம்பூலப் பையில எவர்சில்வர் டப்பா போட்டா எவன் ஞாபகம் வச்சுக்கப் போறான்? நம்ம குடும்பத்துக் கதையைப் புஸ்தகமா அடிச்சு ஆளுக்கொண்ணு குடுங்க. பாப்பாவுக்கு டைப் தெரியும்ல?"

பாப்பாவுக்கு டைப் தெரியும். அதன்பிறகு ஒரு மாதம் சொந்தக்காரர்கள் அவளைத் தூங்கவிடவில்லை. ஒருவர் மங்கிய போட்டோ அனுப்பினார், ஒருவர் கோழி கத்தும் சத்தத்தோடு பழங்கதை அனுப்பினார். ஒரே ஆளைப் பற்றி நான்கு பேர் நான்கு விதமாகச் சொன்னார்கள். அனிஷா தனக்கென்று ஒரு வழி வைத்துக்கொண்டாள். ஒரே பெயர், ஒரே ஊர், ஒரே காலம் என்றால் அது ஒரே ஆள். மற்றதை அடித்துவிட வேண்டியது. அந்த வழியில்தான் ஏழு இன்னாசியம்மாள்களை மூன்றாகக் குறைத்தாள். அந்த மூவரிலும் மூத்தவள், குடும்பத்தின் ஆதி ஆளான பெரிய சவரிராயனின் மகள். அவளைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியவில்லை. "கிழக்கே கட்டிக்கொடுத்தது. வேறு விவரம் இல்லை" என்று ஒரு வரி எழுதி நிறுத்தியிருந்தாள்.

அவளுக்கு மிகவும் பிடித்த பக்கம் கொள்ளுத்தாத்தாவுடையது. அவரும் சவரிராயன்தான், பெரிய சவரிராயனின் மகன் அருளப்பனுக்குப் பிறந்த பேரன். கல்யாணமான புதிதில் வீட்டில் சொல்லாமல் பொம்மிடிக்குப் போய், ரயில் பாதையில் வேலைக்குச் சேர்ந்து, நான்கு வருடம் ஊர்ப்பக்கமே தலைகாட்டவில்லை. கடைசியில் அவர் மனைவி சூசையம்மாள், கேழ்வரகு அறுத்துக்கொண்டிருந்தவள், அரிவாளை இடுப்பில் செருகியபடியே கிளம்பிப் போய், தண்டவாளத்து மேலிருந்த புருஷனைக் கையோடு இழுத்துவந்தாள். இந்தக் கதையை அனிஷாவின் அப்பா விக்டர் சொல்லும்போதெல்லாம் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். அந்த நான்கு வருடம் அங்கே அவரை எது பிடித்துவைத்தது என்று மட்டும் யாரும் கேட்டதில்லை.

புத்தகத்தின் கடைசிப் பக்கம் மாப்பிள்ளை வீட்டுக்கு. மாப்பிள்ளை அருள்பிரகாஷுக்கும் ஊர் பொம்மிடிதான். தினமும் ரயிலேறி சேலம் போய் ஒரு லேபில் வேலை பார்க்கிறான். பேச்சில் எப்போதும் ஒரு நக்கல் இருக்கும். அதற்காகத்தான் அவனை அவளுக்குப் பிடித்தது. அவன் தன் வீட்டு விவரத்தை வாட்ஸப்பில் அனுப்பினான்.

"அப்பா லூர்துசாமி. தாத்தா மதலைமுத்து. அவரோட அப்பா சவரிராயன், ரயில்வேல தண்டவாளம் பாக்கற கேங் வேலை. இதைக் கேளு, அவரு பொறந்தது உங்க பாப்பாரப்பட்டியாம்! எப்பிடி?"

அனிஷா அதை மறுபடி படித்தாள். ஒரே பெயர். ஒரே ஊர். ஒரே காலம். அதே பொம்மிடி, அதே ரயில் பாதை.

நான்கு வருடம் அங்கே எது பிடித்துவைத்தது என்பது அவளுக்கு இப்போது புரிந்தது. கொள்ளுத்தாத்தா பொம்மிடியில் இன்னொரு குடும்பம் வைத்திருக்கிறார். அந்தக் குடும்பத்தின் வாரிசு அருள்பிரகாஷ். ஒரே கொள்ளுத்தாத்தாவின் இரண்டு பிள்ளை வழி என்றால் இரண்டு வீடும் பங்காளி, அவளும் அவனும் அண்ணன் தங்கை முறை. இவ்வளவு தூரத்து உறவைக் கோயிலில் தடையாக எடுக்கமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் சொந்தபந்தம் எடுக்கும். பங்காளி வீட்டில் பெண் கொடுத்ததாக ஊரில் ஒரு பேச்சு வந்தால் அப்பா கடைத்தெருவில் தலைநிமிர்ந்து நடக்கமாட்டார். அதுகூடப் பரவாயில்லை, இனி அவன் முகத்தை எப்படிப் பார்ப்பது?

"பிறந்த ஊர் பாப்பாரப்பட்டி" என்று மாப்பிள்ளை வீட்டுப் பக்கத்தில் இருந்த வரியை அழித்தாள். பக்கம் சுத்தமாக இருந்தது. யாருக்கும் தெரியப்போவதில்லை. சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடி அந்த வரியை டைப் அடித்தாள். மறுநாள் அழித்தாள். சாயங்காலம் மறுபடி அடித்தாள்.

"என்னா அனிஷா, ஒரு பக்கத்தையே வெச்சு மேய்ச்சுக்கிட்டு இருக்க?" என்றாள் கடைக்கார நிர்மலா அக்கா. "மாப்ள வூட்டுப் பக்கமாக்கும்?"

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசையில் இரண்டாம் ஓலை வாசித்தார்கள். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு, மணமக்களின் பெயரைச் சபையில் வாசித்துச் சொல்லும் வழக்கம் அது. பாப்பாரப்பட்டி விக்டர் ஜோஸ்பின் தம்பதியின் மகள் அனிஷாவுக்கும், பொம்மிடி லூர்துசாமி மகன் அருள்பிரகாஷுக்கும் என்று சாமியார் நிறுத்தி வாசித்தார். பிறகு, இவர்களுடைய திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குத் தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்றார். முதல் ஓலையில் இந்த வார்த்தை அவள் காதிலேயே விழவில்லை. இப்போது அது நேராக அவளைப் பார்த்துச் சொன்னதுபோல இருந்தது. தடை அறிந்த ஆள் அந்தக் கோயிலில் ஒருத்திதான், அவள் மணப்பெண்ணாகவும் இருந்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு குனிந்தே இருந்தாள். பக்கத்திலிருந்த அம்மா ஜோஸ்பின், மகளுக்கு வெட்கம் என்று நினைத்துச் சிரித்தாள்.

அன்று கல்லறைத் திருநாள். சாயங்காலம் ஊரே சாமந்திப்பூவும் மெழுகுவத்தியுமாகக் கல்லறைத் தோட்டத்தில் இருந்தது. அப்பா இரண்டு நாள் முன்பே சுண்ணாம்பு அடித்து வைத்திருந்த கல்லறைகளில் அம்மா பூவை உதிர்த்துப் போட்டாள். நடுவில் இருப்பது கொள்ளுத்தாத்தாவுடையது. 'அ. சவரிராயன்' என்று நீலப் பெயிண்டில் எழுதியிருந்தது. அனிஷா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். எல்லாவற்றையும் செய்துவிட்டு நிம்மதியாகப் படுத்திருக்கும் மனிதர்மேல் அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. மூன்றாம் ஓலைக்கு முன்னால் அவனிடமாவது சொல்லிவிட வேண்டும். சுற்றுச்சுவர் ஓரம் ஒதுங்கிப்போய் போன் போட்டாள்.

"சொல்லு அனி. கையெல்லாம் சுண்ணாம்பு, ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன்."

"மொதல்ல ஸ்பீக்கரை அமத்துங்க."

"ஏன், கல்லறையில படுத்திருக்கறவங்க ஒட்டுக் கேப்பாங்களா?"

"வெளையாடாதீங்க. ஒரு விசயம் சொல்லணும். சொன்னா இந்தக் கல்யாணம் நடக்காது."

அவன் ஸ்பீக்கரை அமத்தினான். அவள் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள். கொள்ளுத்தாத்தா, பொம்மிடி, நான்கு வருடம், ரயில் பாதை, அரிவாள், அண்ணன் தங்கை முறை. கடைசி வார்த்தையைச் சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள்.

அவன் கேட்டான். "உங்க கொள்ளுத்தாத்தா இப்ப எங்க இருக்காரு?"

"எங்கன்னா? செத்துப்போயி அம்பது வருசம் ஆவுதுங்க."

"அதத்தான் கேக்கறேன். எங்க படுத்திருக்காரு?"

"இங்கதான். பத்தடி தூரத்துல. அம்மா மெழுகுவத்தி ஏத்திட்டு இருக்காங்க."

"அப்ப நான் மதியத்துலருந்து இங்க யாருக்கும்மா சுண்ணாம்பு அடிச்சிட்டு இருக்கேன்?"

அனிஷா கண்ணைத் துடைத்தாள்.

"எங்க சவரிராயன் எனக்கு முன்னால படுத்திருக்காரு. சி. சவரிராயன்னு எழுதியிருக்கு. ஒரு ஆளு ரெண்டு ஊர்லயும் குடும்பம் வச்சிருக்கலாம், சரி. ரெண்டு ஊர்லயும் கல்லறை வச்சிருக்க முடியுமா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அடுத்த பயமும் வந்தது. இரண்டு பேராகவே இருந்தாலும், அண்ணன் மகனும் தம்பி மகனுமாக இருந்தால்? அப்போதும் பங்காளிதானே? "மாமாகிட்ட ஒரு வார்த்த கேளுங்க" என்றாள். "உங்க சவரிராயனுக்கு அம்மா யாரு, அப்பா யாருன்னு."

போன் கைமாறியது. லூர்துசாமி ரயில் போகும் ஊரிலேயே வாழ்ந்து பழகியதால் எப்போதும் கத்தித்தான் பேசுவார்.

"எங்க தாத்தன் சவரிராயனோட அப்பா சின்னப்பன், இந்த ஊரு ஆளும்மா. அவங்கம்மாதான் உங்க பாப்பாரப்பட்டி. இன்னாசியம்மாள்னு பேரு. தலைப்பிரசவம் அம்மா வூட்லதான? அதான் தாத்தன் அங்க பொறந்தாரு. பொறந்த கையோட இன்னாசியம்மாளோட அப்பா பேரையே பேரனுக்கு வச்சிட்டாங்க."

அனிஷாவுக்குத் தான் எழுதிய வரி ஞாபகம் வந்தது. கிழக்கே கட்டிக்கொடுத்த இன்னாசியம்மாள். வேறு விவரம் இல்லை என்று அவளே எழுதிவைத்தவள். தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு வருவாள் என்பது ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும், அது தனக்குத் தோன்றவே இல்லையே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"இன்னொண்ணு கேளு" என்று லூர்துசாமி தொடர்ந்தார். "தாத்தனுக்கு மாமன் மகன் ஒருத்தரு உங்க ஊர்லருந்து வந்து நாலு வருசம் எங்க வூட்லயே தங்கி கேங்ல வேலை பாத்தாரு. அவரும் சவரிராயன்தான். ரெண்டு மச்சானும் ஒண்ணா இருந்தா ஊரு ஞாபகமே வராதாம். கடைசில அந்தாளு பொண்டாட்டி இடுப்புல அரிவாளோட வந்து நின்னுது. சவரி எங்கடான்னு கேட்டிருக்குது. எவனோ எங்க தாத்தனைக் கைகாட்டிவுட்டான். அந்தம்மா ஓடிவந்து பின்னாலருந்து சட்டையப் புடிச்சு முதுகுல ரெண்டு வச்சிட்டுத்தான் மூஞ்சியப் பாத்துதாம். சாவற வரைக்கும் தாத்தன் இதச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. வாங்கவேண்டியவன் ஒருத்தன், வாங்கினது நானுன்னு."

அனிஷா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்பாவின் கதையில் இல்லாத பாதி அது. சூசையம்மாள் ஆள் மாறி அடித்ததை ஊரில் வந்து சொல்லவே இல்லை.

"ஏங்க மாமா, பொண்ணு பாக்க வந்தப்பவே இதச் சொல்லியிருக்கலாம்ல?"

"யாரு கேட்டீங்க? உங்கப்பா கேட்டதெல்லாம் பையன் தண்ணி போடுவானான்னுதான். இல்லைங்கன்னேன். கேசரி வந்துருச்சு."

அதற்குள் விக்டர், மகள் சுவரோரம் அழுவதும் சிரிப்பதுமாக நிற்பதைப் பார்த்து ஓடிவந்தார். "என்னா கண்ணு?" அவள் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது. போனை வாங்கிக்கொண்டார். "ஏனுங்க, நீங்க எங்க அத்த வழிங்களா?" என்றார். அப்புறம், "அப்ப எனக்கு மச்சானுங்க நீங்க!" என்று கத்தினார். பக்கத்துக் கல்லறையில் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்கு அதெல்லாம் தெரியவில்லை. கை வலிக்கத் தூக்கிவந்த மூட்டையை இறக்கிவைத்தவர்போல மண்ணில் சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டு, "சட்டையப் புடிச்சு ரெண்டு வச்சுதா? எங்க ஆயாவா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். சொந்தமில்லாத அசல் வீடு என்று பெண் கொடுக்கக் கொஞ்சம் தயங்கியவர் அவர். அந்தத் தயக்கம் இன்னும் அவரிடம் இருந்தது என்பதே அனிஷாவுக்கு இப்போதுதான் தெரிந்தது.

"கல்லறையில நின்னு இப்பிடிச் சிரிக்கற குடும்பத்த இங்கதான் பாக்கறேன்" என்றாள் ஜோஸ்பின். பிறகு விஷயம் தெரிந்து அவளும் சிரித்தாள். சிரித்துவிட்டு மகளின் முதுகில் ஒன்று வைத்தாள். "ஒரு வாரமா சோறு தொண்டைல எறங்காம இருந்தியே, பெத்தவகிட்டச் சொல்லமாட்டியா?"

போன் மறுபடி அருள்பிரகாஷ் கைக்கு வந்திருந்தது.

"அப்ப முறைப்படி நான் உனக்கு என்னா வேணும்?"

"தெரியாதுங்க."

"புஸ்தகம் எழுதறவளுக்குத் தெரியாதா? மாமான்னு கூப்புடு பாக்கலாம்."

"மொதல்ல அந்தக் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிச்சு முடிங்க" என்று அவள் போனை வைத்தாள். பையில் மிச்சமிருந்த மெழுகுவத்தியில் ஒன்றை எடுத்து, கொள்ளுத்தாத்தாவின் காலடியில், இன்னொரு சவரிராயனுக்காக ஏற்றினாள். காற்றில் இரண்டு முறை அணைந்தது. கையால் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கொள்ளுத்தாத்தாமேல் இப்போது கோபம் இல்லை. மச்சானோடு சேர்ந்து ஊரை மறந்த மனிதர், அவ்வளவுதான்.

மறுநாள் கடையைத் திறந்ததும் முதல் வேலையாக இன்னாசியம்மாளின் பக்கத்தை எடுத்தாள். "வேறு விவரம் இல்லை" என்பதை அடித்துவிட்டு, "பொம்மிடி சின்னப்பனுக்குக் கட்டிக்கொடுத்தது. இவர் மகன் சவரிராயன்; தாய்வழித் தாத்தன் பெயர் வைத்தது" என்று சேர்த்தாள். கொள்ளுத்தாத்தாவின் பக்கத்தில் முதுகில் வைத்த அடியையும் விடாமல் எழுதினாள். அடித்துவிட்ட நான்கு இன்னாசியம்மாள்களைத் திரும்ப எடுத்து, ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டுக் கேட்கத் தொடங்கினாள்.

அடுத்த ஞாயிறு மூன்றாம் ஓலை. தடை ஏதும் அறிந்தவர்கள் என்று சாமியார் வாசித்தபோது அவள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பூசை முடிந்து வெளியே வந்ததும் விக்டர் பொம்மிடிக்குப் போன் போட்டு, "மச்சான், ஓலை முடிஞ்சுதுங்க" என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னார்.