இடது கை, வலது கை

அந்த நகரசபையில் கட்சிகளுக்குப் பேர் இருந்தது, கொடி இருந்தது, கொள்கைகூட எங்கேயோ அச்சடித்து வைத்திருந்தார்கள். ஊர் அதையெல்லாம் மறந்து பல வருஷமாயிற்று. கூட்ட அறையில் ஜன்னலோரம் உட்காருகிறவர்கள் ஜன்னல் கட்சி, கதவோரம் உட்காருகிறவர்கள் கதவுக் கட்சி. இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர். நடுவில் தலைவர். அவருக்கு ஓட்டுக் கிடையாது, தொண்டை மட்டும் உண்டு.

டயாலிசிஸ் நர்ஸின் அண்ணன் ஜன்னல் கட்சிக் கவுன்சிலர். மீசை முளைக்கும் முன்பே அந்தக் கட்சிக்குப் போஸ்டர் ஒட்டக் கிளம்பியவர். இரண்டு சிறுநீரகமும் கைவிட்ட பிறகும் அவர் கட்சியைக் கைவிடவில்லை. தங்கை வேலை பார்க்கும் நகரசபை ஆஸ்பத்திரியிலேயே வாரத்துக்கு மூன்று நாள் மெஷினோடு படுத்து, ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டே போனில் கதவுக் கட்சியைக் கிழிகிழி என்று கிழிப்பார். "பி.பி. ஏறுது, வாயை மூடு" என்று அவள் அதட்டினால்தான் நிறுத்துவார்.

அந்த மெஷினுக்குக் குழாய்த் தண்ணீரை அப்படியே விட முடியாது. அதைச் சுத்திகரிக்கத் தனியாக ஒரு பிளான்ட் வேண்டும். அது ஒரு நாள் மொத்தமாகப் படுத்துவிட்டது. அறையைப் பூட்டினார்கள். அண்ணன் உட்பட நோயாளிகள் எல்லோரும் பெரிய நகரத்துக்கு பஸ் ஏறினார்கள். உட்காரவே தெம்பில்லாதவர்கள் ஊர் விட்டு ஊர் போய் ஊசி குத்திக்கொண்டு இருட்டிய பிறகு திரும்பி வந்தார்கள். மருந்துக்கடைக்குப் பக்கத்து வீட்டுத் தையல்காரர் ஒரு தடவை திரும்பி வரவில்லை. பஸ்ஸிலேயே உயிர் போய்விட்டது.

புது பிளான்ட் வாங்குவதில் ஜன்னலுக்கும் சம்மதம், கதவுக்கும் சம்மதம். அதுதான் வயிற்றெரிச்சல். இரண்டும் ஆளுக்கொரு தீர்மானம் எழுதின. நர்ஸ் இரண்டையும் வாங்கிப் படித்துப் பார்த்தாள். கடைசி வரி தவிர ஓர் எழுத்து வித்தியாசமில்லை. திறப்பு விழாக் கல்வெட்டில் யார் பேர் என்பதுதான் அந்தக் கடைசி வரி. படுபாவிகள்!

எந்தத் தீர்மானத்தை முதலில் ஓட்டுக்கு விடுவது என்பதிலேயே ஒரு காலத்தில் நாற்காலி பறந்ததால், தலைவர் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். மணி அடித்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் கை தூக்க வேண்டும். ஜன்னல் தீர்மானத்துக்கு இடது கை, கதவுத் தீர்மானத்துக்கு வலது கை. தூக்கிய கையை மாற்றக் கூடாது. சமமாக வந்தால் அடுத்த மாதம். பிளான்ட் விஷயம் ஏற்கெனவே ஒரு மாதம் அப்படித் தள்ளிப்போயிருந்தது. தையல்காரர் போனது அந்த மாதத்தில்தான்.

அடுத்த கூட்டத்துக்கு முன்பு அவள் அண்ணன் வீட்டுக்குப் போனாள். அவர் வீங்கிப்போய்ச் செருப்பு நுழையாத கால்களை ஸ்டூல்மேல் நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, இந்தத் தடவை வலது கையைத் தூக்கு."

"உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?"

"ஒரே ஒரு கை மாறினா போதும். யார் பேர் கல்லுல இருந்தா என்ன, தண்ணி வரும்ல?"

"கதவுக்காரன் பேர் போட்ட தண்ணியில நான் உயிர் பிழைக்கறதுக்கு..."

"பிழைக்கறதுக்கு? முடி. முழுசா சொல்லி முடி பாக்கலாம்."

அவள் அழுதுவிட்டாள். ஆஸ்பத்திரியில் எத்தனையோ சாவைப் பார்த்தவள்தான். ஆனால் அண்ணன் காலை அழுத்தினால் பள்ளம் விழுவதைப் பார்க்க அவளுக்கு மனசில் தெம்பில்லை. "எனக்கு வேற அண்ணன் இல்ல" என்றாள்.

அவர் தோள்துண்டை எடுத்து அவளிடம் நீட்டினார்: "சரி, தூக்கறேன். ஆனா உன் அண்ணிகிட்டகூட மூச்சு விடாதே. முன்னாடியே தெரிஞ்சா எங்க ஆளுங்க என்னைக் கூட்டத்துக்கே விடமாட்டாங்க."

அத்தோடு அவள் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் ஆயுசு முழுக்க ஒரே பக்கம் தூக்கிப் பழகிய கை, மணிச் சத்தம் கேட்டதும் எந்தப் பக்கம் போகுமோ? அண்ணனின் பாசத்தை நம்பினாள், கட்சிக்காரனை நம்பவில்லை. மறுநாள் ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த மருந்துக்கடைக்குப் போனாள். கடைக்காரர் கதவுக் கட்சிக் கவுன்சிலர்.

அவள் பேசி முடிக்கும்வரை அவர் மாத்திரை அட்டைகளை அடுக்கிக்கொண்டே இருந்தார்.

"தையல்காரரை பஸ்ல ஏத்தி விட்டதே நான்தான் சிஸ்டர்" என்றார். "அப்புறம் எனக்குத் தூக்கமே இல்ல. மைக்ல கத்தறவன் எல்லாம் தலைவன் இல்ல. ஊருக்கு நல்லதுன்னா, சொந்தக் கட்சிக்காரனே துரோகின்னு காறித் துப்பினாலும் தொடைச்சிக்கிட்டு நிக்கணும். எங்க கட்சியில அப்படி ஒருத்தன் இல்லையேன்னு புலம்பிட்டே இருந்தேன். புலம்பினது போதும். நான் இடது கை."

"ரொம்ப நன்றி சார்."

"வெளியில தெரிய வேண்டாம். உங்க அண்ணன் காதுக்குப் போச்சுன்னா மைக் போட்டுச் சொல்லிடுவார்."

அவள் தலையாட்டினாள். ஒருவர் கை தவறினாலும் இன்னொருவர் கை காப்பாற்றும் என்று நினைத்தபோது வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

கூட்டத்தன்று பார்வையாளர் பெஞ்சில் முதல் ஆளாக உட்கார்ந்தாள். தலைவர் இரண்டு தீர்மானங்களையும் வாசித்தார். மணி அடித்தார்.

அண்ணனின் வலது கை மேலே போனது. இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்தியிருந்தார். ஜன்னல் பக்கம் நாலு தலைகள் திரும்பின. அவளுக்கு எழுந்து கத்த வேண்டும் போலிருந்தது. அப்புறம்தான் எதிர்வரிசையைப் பார்த்தாள். மருந்துக்கடைக்காரரின் இடது கை உயர்ந்திருந்தது.

தலைவர் எண்ணினார். நம்பாமல் மறுபடியும் எண்ணினார். இடது ஐந்து, வலது ஐந்து.

"சமம். அடுத்த மாதம்."

இரண்டு பேர் ஒரே நாளில் நல்லவர்களாக இருந்து தொலைப்பார்கள் என்று அந்த ஊரில் யார்தான் கணக்குப் போடுவார்கள்? ஒருவரிடம் மற்றவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவள் சொல்லவில்லை. யாரையும் முழுசாக நம்பாத ஊர் வியாதி அவளுக்கும்தான் இருந்தது. இரண்டு பக்கமும் "துரோகி, துரோகி" என்று மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தபோது அவள் தன் தலையில் அடித்துக்கொண்டாள்.

வாசல் படிக்கட்டில் அண்ணனுக்கு மூச்சு இரைத்தது.

"பாத்தியா அவனுங்க கில்லாடித்தனத்தை? நான் மாறப்போறேன்னு மோப்பம் பிடிச்சிட்டானுங்க. சமமாகணும்னே அந்த மருந்துக்கடைக்காரனை இடது கை தூக்க வச்சிருக்கானுங்க!"

"இல்லண்ணே. நான்தான் அவர்கிட்டயும் போய்க் கேட்டேன். தையல்காரருக்காகத்தான் தூக்கினார். உங்க எல்லாருக்காகவும்தான்."

அவர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "உன்னையும் ஏமாத்திட்டானா?"

மருந்துக்கடைக்காரர் சட்டைப் பொத்தான் அறுந்து பின்னாலேயே வந்தார். அவள் ஓடிப்போய் அவர் முன்னால் நின்றாள். "சார், அண்ணன்கிட்டயும் நான்தான் சொன்னேன். அவரும் மனசாரத்தான்..."

"நீங்க வெள்ளை மனசு சிஸ்டர்" என்றார் அவர் மெதுவாக. "என்னைத் துரோகின்னு ஆக்கவே உங்களை என்கிட்ட அனுப்பினது யாருன்னு இப்பத்தான் புரியுது. விடுங்க. இனிமே என் கை வலதுதான்." அண்ணன் பக்கம் திரும்பாமலே படியிறங்கிப் போனார்.

"என் கையும் இனி இடதுதான்" என்றார் அண்ணன். "அடுத்த மாசம் பாத்துக்கலாம்."

அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். நாடி தாறுமாறாக ஓடியது. அந்த மூச்சு எவ்வளவு நாள் தாங்கும் என்று படித்த படிப்பு அவளுக்குச் சொன்னது.

"அடுத்த மாசம் உன் கையை யாருண்ணே தூக்குவாங்க?" என்று கத்தினாள்.

அவர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, நகரத்து பஸ்ஸுக்காக ஒவ்வொரு படியாக இறங்கினார்.